கிழக்கு வராந்தா

ஜூன் 11, திங்கள்

கோயமுத்தூரிலிருந்து பாரம்பரியக் கட்டடக் குழு என்று ஒரு ஆர்க்கிடெக்ட் வந்தார். பெயர் நந்தகோபால். காதில் கடுக்கன், காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. இவர் என்னத்தைப் பார்க்கப் போகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வாசலில் நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தவர் செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றிவிட்டார்.

உடுமலையில் எங்கள் பங்களா வீதியில் அந்தக் காலத்துப் பஞ்சு முதலாளிகள் கட்டின வீடுகளில் ஆறுதான் மிச்சம். முதல் உலகப் போருக்கும் இரண்டாவதற்கும் நடுவில், ஊட்டியில் துரைமார் பங்களாவைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கென்ன குறை என்று ஆளாளுக்குக் கட்டினது. மற்றதெல்லாம் கல்யாண மண்டபமும் செல்போன் கடையுமாகப் போய்விட்டன. எங்கள் வீட்டு நெற்றியில் 1935 என்று சுதையில் எழுதி, இரண்டு பக்கமும் வெடித்த பருத்திக் காய் வைத்திருக்கும். இந்த ஆறு வீட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பித்தளைப் பலகை பதிப்பார்களாம். புத்தகம் போட்டு அட்டையில் அந்த வீட்டின் படம் வருமாம்.

ஹாலில் குனிந்து சிவப்புத் தரையைத் தொட்டுப் பார்த்து, "இப்படித் தரை இப்ப யாராலயும் போட முடியாதுங்க. யாரு இதை இத்தனை வருஷமா இப்படி வெச்சிருக்கறது?" என்று கேட்டார். தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்துக் கை காய்த்துப்போனவள் நான். வாயைத் திறப்பதற்குள் கிழக்கு அறையிலிருந்து குரல் வந்தது. "எங்கய்யன் போட்ட தரைங்க அது."

அது என் நாத்தனார் தெய்வானை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டன, நாக்கு மட்டும் பத்திரமாக இருக்கிறது. எங்கள் பக்கத்து வழக்கப்படி நேரில் நங்கையா என்று கூப்பிடுவேன். டைரியில் அவள், இவள்தான். இங்கேயாவது என் இஷ்டம்.

போகும்போது ஆர்க்கிடெக்ட் கிழக்குப் பக்கம் நின்று பெருமூச்சு விட்டார். அங்கே அரைவட்டமாக ஒரு வராந்தா இருந்தது. அவளுக்கு உடம்பு முடியாமல் போனபோது என் வீட்டுக்காரர் அதைச் செங்கல் வைத்து அடைத்து, அவள் அறையோடு சேர்த்து ஒரு கக்கூஸ் கட்டிவிட்டார். "இது மட்டும் இல்லைன்னா உங்க வீடுதாங்க முதல்ல வரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 13, புதன்

ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அந்த அரைவட்டத்தையே நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஜூன் 16, சனி

கொழுந்தனார் நடராஜ் திருப்பூரிலிருந்து மாம்பழக் கூடையோடு வந்தார். பனியன் கம்பெனி வைத்திருக்கிறார், இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். பலகை விஷயத்தைச் சொன்னேன். கிழக்குப் பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இடிச்சிருங்க அண்ணி. உங்க வீடு, உங்க இஷ்டம்," என்றார்.

உங்க வீடு. இந்தக் குடும்பத்தில் யாரும் என்னிடம் இதுவரை சொல்லாத வார்த்தை. கூடையில் நல்ல பழமாகப் பார்த்து அவருக்கே நறுக்கிக் கொடுத்தேன்.

அவருக்கு இந்த வீட்டின் மேல் பழைய மனக்குறை ஒன்று உண்டு. தெய்வானை குடியிருக்கிற வரைக்கும் வீட்டை விற்கவோ பிரிக்கவோ கூடாது என்று, வீட்டைக் கட்டின அவர்கள் அய்யன், என் மாமனார், எழுதிவைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் இவ்வளவு பெரிய மனசோடு பேசுகிறாரே என்று இருந்தது. அக்காவுக்கு இங்கே சௌகரியப்படவில்லை என்றால் பொள்ளாச்சி ரோட்டில் நல்ல முதியோர் ஹோம் ஒன்று இருக்கிறது, செலவைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். தங்கமான பிள்ளை.

ஜூன் 20, புதன்

இன்றைக்கு அவளிடம் சொல்லிவிட்டேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது மாமியார் இல்லாத வீடு என்று என் அம்மா சந்தோஷப்பட்டாள். மாமியாருக்கு மேலே ஒருத்தி உட்கார்ந்திருந்தது வந்த பிறகுதான் தெரிந்தது. நின்றுகொண்டு சமைக்க ஒரு மேடை கேட்டேன். எங்கய்யன் கட்டினப்போ அது இல்லை என்றாள். அடுப்படிக்குள் ஒரு குழாய் கேட்டேன். அதே பதில். இந்த வீட்டின் முகம்தான் துரை வீடு. கக்கூஸ் கொல்லைக் கோடியில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி. கழுவ வருகிறவர்கள் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்து போகச் சந்துப் பக்கம் தனியாகச் சின்ன இரும்புக் கதவு. ஆர்க்கிடெக்ட் அந்தக் கதவைத்தான் ஆசையாகப் படம் எடுத்தார். நானும் என் வீட்டுக்காரரும் இன்றைக்கும் அங்கேதான் போய்வருகிறோம். உள்ளே ஒன்று கட்டலாம் என்று நான் கேட்டபோது, "எங்கய்யன் வீட்டுக்குள்ள கக்கூசா?" என்று முகத்தைச் சுளித்தவள் இவள். தனக்கு முடியாமல் போனதும் அய்யன் சும்மா இருந்துவிட்டார்.

அதனால் கட்டில் பக்கத்தில் நின்று நிதானமாகவே சொன்னேன். "நங்கையா, உங்கய்யன் கட்டினப்போ அந்தக் கக்கூஸ் இல்லைங்களே."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாழ்நாளில் முதல் தடவை.

என் வீட்டுக்காரர்தான் வெளியே வந்து, "அக்கா அப்புறம் எங்க போகும்?" என்று கேட்டார். எல்லாரும் போகிற இடத்துக்கு என்றேன். பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவருக்கு அதுதான் தெரியும்.

ஜூலை 5, வியாழன்

ஆடி பிறந்தால் வீட்டில் கை வைக்கக் கூடாது என்பதால் அவசரமாக ஆள் பிடித்து இடித்தாயிற்று. கொத்தனாரை நடராஜே அனுப்பிவைத்தார். சுவரை எடுக்க எடுக்க உள்ளேயிருந்து பழைய வராந்தா வந்தது. கறுப்பும் வெள்ளையுமாகத் தரை, சுற்றிலும் வளைந்த சிமெண்டுப் பெஞ்சு, குட்டையான உருண்டைத் தூண்கள். காலை வெயில் அதில் விழுந்ததைப் பார்த்தபோது கும்பிடத் தோன்றியது.

அவளுக்கு ஒத்தாசையாக இருக்கும் ராசாத்தி, கட்டில் பக்கத்தில் வைக்க ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி கடையில் கிடைக்கும், வாங்கித் தாருங்கள் என்றாள். பலகைக்காரர்கள் எந்த நிமிஷமும் படம் எடுக்க வருவார்கள், அந்த அழகான அறையில் அதைப் போட்டு வைப்பதா என்று சொல்லிவிட்டேன். கைத்தாங்கலாகக் கொல்லைக்குக் கூட்டிப் போகத்தானே ராசாத்திக்குச் சம்பளம்.

ஜூலை 9, திங்கள்

அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். காப்பியும் பாதி தம்ளர்தான். ராசாத்தி இதை ஒரு புகார் மாதிரி என்னிடம் வந்து சொன்னாள். குறைத்தால் எல்லாருக்கும் வேலை மிச்சம் என்றேன்.

விடிந்ததும் என் வீட்டுக்காரரே அக்காவைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறார். இவருக்கே மூச்சு இரைக்கிறது. நான் ஏழு மாதமாக இருந்தபோது எனக்கு இந்தத் தோள் கிடைக்கவில்லை.

நெல்லிக்காய் ஊறுகாய் போட்டேன். உப்பு சற்றுத் தூக்கல்.

ஜூலை 14, சனி

சாரல் விடாமல் பெய்கிறது. கொல்லையில் கல் பாவின பாதை முழுக்கப் பாசி. பிளீச்சிங் பவுடர் வாங்கிப் போட வேண்டும்.

இதே மாதிரி ஒரு மழைநாளில் அந்தக் கல்லில்தான் நான் வழுக்கி விழுந்தேன். இடி இடித்துக்கொண்டிருந்தது. நங்கையா, நங்கையா என்று எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று தெரியாது. கடைசியில் பால்காரர் பார்த்துத்தான் ஆள் வந்தது. பையன். அதற்குப் பிறகு எனக்குத் தங்கவே இல்லை. இடிச் சத்தத்தில் காதில் விழவில்லை என்றாள் அவள். சரி, இடிதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

பிளீச்சிங் பவுடர் வாங்க மறந்துவிட்டது.

ஜூலை 19, வியாழன்

ராசாத்திக்கு ஊரில் கோயில் நோம்பி. போய்வா என்று நானே அனுப்பிவைத்தேன். வீட்டுக்காரர் காலையில் பேங்குக்குப் போனார். கரண்ட் இல்லாததால் சட்னியை அம்மியில் அரைத்தேன். ஜன்னல் கொண்டிகளைப் புளி போட்டுத் தேய்த்ததில் அத்தனையும் தங்கமாக மின்னுகிறது.

ராத்திரி எழுதுவது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போய் அந்தப் பாதையில் விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு. வீட்டுக்காரர் திரும்பி வந்து பார்த்தபோது புடவையெல்லாம் நனைந்து, சேறும் மற்றதுமாகக் கிடந்திருக்கிறாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட முனகவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, கூப்பிட்டது காதில் விழவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

"காலைல இருந்து கரண்டே இல்லையே மரகதம்," என்றார்.

வேறு எதுவும் கேட்கவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார்.

ஜூலை 22, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்தது. இனி படி ஏறி இறங்கக் கூடாது, அறையோடு சேர்ந்த கக்கூஸ் இருக்கிற இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடராஜ் அந்த ஹோமுக்குப் போன் போட்டு அறைக்குச் சொல்லிவிட்டார். என்ன சுறுசுறுப்பு.

ஆகஸ்ட் 3, வெள்ளி

ஆடிப்பெருக்கு. சித்திரான்னம் செய்தேன்.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஹோமுக்குக் கூட்டிப் போனார்கள். வழியில் நம் வீதியில் காரை நிறுத்தச் சொன்னாளாம். நான் கேட் பக்கம் போனேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அரைவட்ட வராந்தாவைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குது. எங்கய்யன் அந்தப் பெஞ்சுலதான் உக்காந்து பேப்பர் படிப்பாரு," என்றாள்.

அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கார் போன பிறகு அந்தப் பெஞ்சை இன்னொரு தடவை கழுவிவிட்டேன்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

பலகை வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குத்தான். எதிர்வீட்டுக் கமலவேணி முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர்கள் வீட்டுக்கு இரண்டாவது இடமாம்.

அரக்குப் பட்டு கட்டிக்கொண்டேன். வீதியே திரண்டு வந்தது. ஆர்க்கிடெக்ட் மைக்கில், இந்த வீட்டைக் குழந்தையாக வளர்த்தவர் மரகதம் அம்மா என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பலகையில் என் பெயர் இல்லை, கட்டினவர் பெயரும் வருஷமும்தான். அதனால் என்ன. திரைச்சீலையை இழுத்தது நான். அந்த வளைந்த பெஞ்சில் என்னை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள், புத்தக அட்டைக்கு அதுதானாம்.

என் வீட்டுக்காரர் முழங்கால் வலி என்று வெளியே வரவில்லை. வராவிட்டால் போகட்டும். இனி என்னை இந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் அசைக்க முடியாது.

செப்டம்பர் 13, வியாழன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை கொஞ்சம்கூட விரியாமல் வந்தது.

நடராஜ் ஒருத்தரைக் கூட்டி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் டேப். வீதிப் பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று அளந்தார். வேடிக்கை என்னவென்றால் வீட்டை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை, மண்ணை மட்டும் அளந்தார். புத்தகத்துக்கு வரைபடம் போடுவதற்காக இருக்கும். அவருக்கும் கொழுக்கட்டை கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அக்டோபர் 4, வியாழன்

வீட்டை விற்றுவிட்டார்கள்.

அக்கா இப்போது இங்கே குடியிருக்கவில்லை, அதனால் அய்யன் போட்ட கட்டு முடிந்தது என்று நடராஜ் ஹாலில் உட்கார்ந்து பொறுமையாக எனக்கு விளக்கினார். அக்காவும் அண்ணனும் தானும் சம்மதித்தாயிற்றாம். வாங்குகிறவர் கடைகள் கட்டப் போகிறார். எங்களுக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் புது பிளாட் பார்த்துவைத்திருக்கிறாராம், இரண்டு கக்கூஸ், இரண்டுமே உள்ளே. அதைச் சொல்லும்போது சிரித்தார். மாம்பழக் கூடையோடு வந்த நாளிலிருந்து இந்தச் சிரிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் இடித்த சுவர் ஒவ்வொன்றும் அவருக்காக இடித்தது.

என் வீட்டுக்காரரிடம், நீங்களும் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டேன்.

"போட்டேன்," என்றார்.

ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்குக் கரண்டைப் பற்றி அவர் மேலே கேட்காமல் விட்டதைப் போல நானும் விட்டுவிட்டேன்.

ஆர்க்கிடெக்ட்டுக்குப் போன் செய்தேன். பலகை வைத்த வீட்டை இடிக்க முடியுமா என்றேன். அது ஒரு மரியாதைதான், சட்டப்படி ஒன்றும் கிடையாது என்று வருத்தமாகச் சொன்னார்.

அக்டோபர் 6, சனி

ஹோமுக்குப் போனேன். வேறு வழி இல்லை. அவள் திரும்பி வந்து குடியிருந்தால் விற்க முடியாது, பணம் இன்னும் கை மாறவில்லை. காலில் விழுந்தாவது கூட்டி வந்துவிடுவது என்று போனேன்.

சுத்தமான அறை. பக்கத்திலேயே கக்கூஸ், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, கூப்பிட மணி. மேஜையில் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர். முகம் தெளிந்து சற்றுச் சதை போட்டிருக்கிறாள்.

வராந்தாவை மறுபடி அடைத்துவிடுகிறேன், நானே உங்களைக் குளிப்பாட்டுகிறேன், வந்துவிடுங்கள் நங்கையா என்றேன். உங்கய்யன் வீடு போகிறதே என்றேன்.

"நடராஜு என்கிட்டக் கேக்கவே இல்ல. நாந்தான் கூப்பிட்டு விட்டு, இடது கையில சம்மதம்னு எழுதிக் குடுத்தேன்," என்றாள்.

என்னால் நம்ப முடியவில்லை. அந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க விடாதவள்.

"நெஞ்சு வேகுது மரகதம். வேகாம இருக்குமா? ஆனா அதுல நீ ராணியாட்ட உக்காந்திருக்கறதுக்கு, அது இல்லாமலே போகட்டும்."

அப்போது என் வாயிலிருந்து பையன் பேச்சு வந்துவிட்டது. இத்தனை வருஷம் அவளிடம் எடுக்காத பேச்சு. அந்தக் கல்லில் என் பிள்ளையைக் கொடுத்தேனே, அதற்கு ஈடாகவாவது அந்த வீடு எனக்கு வேண்டாமா என்று கேட்டு அழுதேன்.

அவள் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அவசரமே இல்லை.

"நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும். எப்படின்னா, அன்னைக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

"ஏனுங்க வரல?" என்று கேட்டேன்.

"நீ ஏன் வரல?"

சோறு கொண்டுவந்த பெண் நடுவில் வந்து நின்றாள். எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அன்றைக்கு எனக்கு மிக்ஸி சத்தம்தான் கேட்டது.

அக்டோபர் 22, திங்கள்

ஆர்க்கிடெக்ட் போன். வீடு போய்விடுவதால் பலகையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா, எதிர்வீட்டில் பதித்துவிடலாம் என்று கூச்சத்தோடு கேட்டார். புத்தக அட்டையையும் மாற்றுகிறார்களாம். ஸ்க்ரூவை நானே கழற்றிக் கொடுத்தேன்.

நவம்பர் 9, வெள்ளி

பிளாட்டுக்குச் சாமான் போய்விட்டது. பெரிய பாத்திரங்கள் அங்கே எந்த அலமாரியிலும் நுழையவில்லை.

நவம்பர் 12, திங்கள்

இன்றைக்கு இடித்தார்கள்.

போகாமல் இருந்திருக்கலாம். போனேன். கமலவேணி தன் வீட்டு வாசலில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு, பாவம் என்கிற முகத்தோடு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்தது. என் வீட்டுக்காரர்தான் அக்காவைக் கூட்டி வந்திருக்கிறார். கைத்தாங்கலாக இறக்கி என் பக்கத்திலேயே இன்னொரு நாற்காலியில் உட்காரவைத்தார்.

ஜேசிபி முதலில் கிழக்குப் பக்கம்தான் போனது. ஒரே தட்டில் அரைவட்டம் கொட்டிப்போனது.

"இதைப் பார்க்கவா நங்கையா வந்தீங்க?" என்று கேட்டேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"இதைப் பார்க்க என்னால முடியுமா? நீ அழுகறதைப் பார்க்கலாம்னு வந்தேன்."

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முன்கட்டு போய் நடுச்சுவர் சாய்ந்ததும் என் அடுப்படி வீதிக்குத் தெரிந்தது. புகை ஏறின கறுப்புச் சுவர், மசாலா டப்பா வைத்த மாடம், நான் மஞ்சள் கையைத் துடைத்துத் துடைத்து மஞ்சளாகிப்போன ஒரு மூலை. வீதியில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

அவள் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கண்ணிலிருந்தும் வழிந்துகொண்டுதான் இருந்தது. இடது கையால் அதைத் துடைத்துத் துடைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுது முடிக்கிற வரைக்கும் பார்த்தாள்.

பிறகு தம்பியைக் கூப்பிட்டுக் கிளம்பலாம் என்றாள். நேரத்துக்குப் போனால்தான் ஹோமில் சோறு சூடாக இருக்குமாம்.